தாடிக்கொம்பு

தாடிக்கொம்பு, திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் சாலையில் உள்ள பேரூராட்சி, குடகனாற்றங்கரை ஊர். கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில் திரளும் குடகனாறு, ஆத்தூர் காமராசர் அணையைக் கடந்து இச்சமவெளியில் ஓடி அமராவதியில் கலக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் மணல்தான் மிஞ்சும். சுற்றிலும் கிணற்றுப் பாசன வயல்கள். தெற்கே திண்டுக்கல்லின் மொட்டைப்பாறை, அதற்கும் அப்பால் சிறுமலை.

ஊரின் பெருமை சௌந்தரராசப் பெருமாள் கோயில். தாயார் கல்யாண சௌந்தரவல்லி சன்னதி முன்மண்டபத்தில், விசயநகர–நாயக்கர் காலப் பாணியில் தூணோடு ஒரே கல்லாகச் செதுக்கிய ஆளுயரச் சிற்பங்கள் நிற்கின்றன. இரணியனைத் தொடையில் கிடத்திக் குடலை உருவும் நரசிம்மர், கால் தூக்கிய உலகளந்த பெருமாள், ரதி, மன்மதன், அகோர வீரபத்திரர். வைணவக் கோயிலில் ஊர்த்துவ தாண்டவமும் இடம்பெற்றிருப்பது தனிக் கவனத்துக்குரியது. நரம்பும் நகமும் அணிகலனின் மணியும் தனித்தனியே தெரியும் இவ்வேலைப்பாடு, மதுரைச் சிற்பங்களோடு ஒப்பிடத்தக்கது. அந்த அளவுக்குப் பேசப்படாதது பெருங்குறை. தேய்பிறை அட்டமியில் இங்குள்ள சொர்ண ஆகர்ஷண பைரவரை வழிபடப் பெருங்கூட்டம் கூடும். சிற்பங்களை நிதானமாகப் பார்க்க மற்ற நாட்களே ஏற்றவை.

அருகிலுள்ள திண்டுக்கல் மலைக்கோட்டை மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-இல் எழுப்பியது. பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான் வசமிருந்து, 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் சமவெளி முழுவதும் தெரியும்.