அரசின் கொடையும் தீவின் உயிரினமும்: வாழைச்சேனைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஓர் அரசு தன் நாட்டின் காட்டையும் காட்டுயிர்களையும் எவ்வாறு மதித்து வந்தது என்பதை அறிவதற்கு அவ்வரசு இயற்றிய சட்டங்களை மட்டும் நோக்குதல் போதாது. திறைசேரி எதற்குப் பணம் கொடுத்தது, எந்த நோக்கத்தோடு கொடுத்தது, எந்த எல்லைக்கோட்டில் அப்பணம் நின்றுவிட்டது என்னும் வினாக்களுக்கும் விடை காணுதல் வேண்டும். இலங்கையின் உயிரினப் பாதுகாப்பு வரலாற்றினை இவ்வாறு நோக்குவதற்கு மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனைப் பகுதி பொருத்தமானதொரு களமாகும்.

கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஊர் வாழைச்சேனை. தென்மேற்கேயுள்ள குன்றுகளிலே தோன்றிக் காடுகளூடாக வரும் மாதுறு ஓயா இங்குள்ள வாவியை அடைந்து, கல்குடாவுக்கு அருகே கடலோடு கலக்கின்றது. மேற்கே புணானை, வெலிக்கந்தைக் காடுகளும், வடக்கே வாகரைக் கரையோரமும், தெற்கே வயல் நிலங்களும் உள்ளன. காடு, ஆறு, வயல், வாவி, கடல் என்னும் ஐந்தும் ஒன்றோடொன்று தொடர்புற்ற நிலப்பரப்பு இதுவாகும். கடலாற் பிரிக்கப்பட்ட இத்தீவின் உயிரினங்களுட் பல வேறெங்கும் காணப்படாதவை. பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழக் காற்பங்கு இந்நாட்டுக்கே உரியது. காட்டுக்கோழியும் செங்குரங்கும் இவ்வகையின. இங்குள்ள யானையும் சிறுத்தையும் இத்தீவுக்கே உரிய துணையினங்களாகக் கொள்ளப்படுகின்றன. தீவுக்குரிய இனங்களுட் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரவலயத்திலேயே செறிந்துள்ளமையால் அறிஞர்களின் கவனம் அங்கேயே கூடுதலாகச் சென்றது. எனினும் யானையின் முதன்மையான வாழிடம் வறண்ட வலயமே என்பது மறக்கற்பாலதன்று.

பிரித்தானியர் ஆட்சியில் அரசு யானைக்காக முதலிற் செலவிட்ட பணம் அதனைக் கொல்வதற்கே கொடுக்கப்பட்டது. பயிருக்குக் கேடு விளைப்பது என்ற காரணத்தால், கொல்லப்பட்ட யானை ஒன்றுக்குச் சில சிலிங் வீதம் வெகுமதி வழங்கப்பட்டது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தம் நூலில் இதன் விளைவினைப் பதிவு செய்துள்ளார். வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848இற்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3,500இற்கு மேற்பட்ட யானைகளும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் ஏறத்தாழ 2,000 யானைகளும் கொல்லப்பட்டன. அதே காலத்தில் வேட்டை உத்தியோகத்தரின் பொழுதுபோக்காகவும் விளங்கிற்று. பதுளையிற் பணியாற்றி 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜேர்ஸ் 1,300இற்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படுகின்றார். கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டதும் இக்காலத்திலேயாகும்.

பெருந்தொகையான அழிவின் பின்னரே எண்ணம் மாறியது. யானை, எருமை முதலியவற்றைக் கண்டபடி அழித்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1891இல் இயற்றப்பட்டது. 1894இல் வேட்டைப் பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. எனினும் இச்சங்கத்தை அமைத்தோருட் பலர் தாமே வேட்டைக்காரராவர். வேட்டைக்கு விலங்கு எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதே அவர்தம் தொடக்க நோக்கம். காட்டோரத்துக் கமக்காரனின் கவலை அந்நோக்கத்துள் அடங்கவில்லை.

அக்கவலை எத்தகையது என்பதனைப் புணானையில் நிகழ்ந்ததொரு சம்பவம் புலப்படுத்துகின்றது. வாழைச்சேனைக்கு மேற்கேயுள்ள அக்காட்டுப் பகுதியில் மனிதரைக் கொன்று தின்று பேரச்சம் விளைத்த சிறுத்தையொன்றினை 1924இல் ஷெல்ரன் ஏகர் என்பவர் சுட்டு வீழ்த்தினார். பன்னிருவருக்குக் குறையாதோர் அதற்கு இரையாயினர் என்பர். பதப்படுத்தப்பட்ட அதன் உடல் கொழும்பு நூதனசாலையில் இடம்பெற்றது. அதற்கு இரையானவர்களின் பெயர்களோ வரலாற்றில் இடம்பெறவில்லை. பிற்காலத்தில் இச்சிறுத்தையினம் தீவுக்குரிய துணையினமாக வகுக்கப்பட்டு, சட்டத்தின் காப்பினையும் பெற்றது. அரிய உயிரினத்தைக் காத்தலும் அதனருகே வாழும் மனிதனைக் காத்தலும் ஒன்றாக எண்ணப்படாத நிலை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

1937இல் நிறைவேற்றப்பட்ட வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். இதன் வழியாக 1938இல் யால, வில்பத்து ஆகியன தேசியப் பூங்காக்களாயின. 1949இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் தோன்றியது. இதே 1937ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பிற்மன்-றொபேட்சன் சட்டம் எனப்படும் சட்டமொன்று நிறைவேறியமை ஒப்புநோக்கத்தக்கது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென ஒதுக்கி, மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மானியமாகப் பகிர்ந்தளிக்க அது வழிவகுத்தது. மாநிலம் ஒன்று செலவிட்டால் மத்திய அரசு மூன்று கொடுக்கும். வேட்டை அனுமதிக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அம்மானியம் இல்லை. அங்கே காப்புக்கு உறுதியான வருவாய் வகுக்கப்பட்டது. இங்கே தடைகளும் தண்டனைகளும் எல்லைகளும் வகுக்கப்பட்டன. ஆண்டுதோறும் திறைசேரி எதை ஒதுக்குகின்றதோ அதனைக் கொண்டே திணைக்களம் இயங்கவேண்டியதாயிற்று.

இந்நிலையிற் கிழக்கிலங்கையில் காப்புக்கான பெரும்பணம் வேறொரு வழியாகவே வந்து சேர்ந்தது. அவ்வழி நீர்ப்பாசனமாகும். 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. அந்நீர்த்தேக்கத்தின் நீரேந்து பரப்பினைக் காக்கும்பொருட்டு, 1954இல் ஏறத்தாழ 25,900 ஹெக்டயர் நிலம் கல்லோயா தேசியப் பூங்காவாயிற்று. இன்றைய அம்பாறை மாவட்டம் அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. இப்பூங்காவை உருவாக்கியது வனசீவராசிகள் திணைக்களமன்று, அபிவிருத்திச் சபையே என்பது குறிப்பிடத்தக்கது. திணைக்களம் அதன் நிருவாகத்தைப் பொறுப்பேற்றது 1965இலேயாகும். அணையில் மண் படியாதிருக்கக் காடு வேண்டியிருந்தது. காடு எஞ்சியமையால் யானையும் எஞ்சியது.

மாதுறு ஓயாவின் வரலாறும் இவ்வாறே அமைந்தது. 1977இல் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் பெருமளவு காட்டினை வயலாக்க முற்பட்டபோது, யானைகள் எங்கே செல்லும் என்னும் வினா எழுந்தது. அமெரிக்க உதவியுடன் 1980இல் சூழல் தாக்க மதிப்பீடு நிறைவேறியது. அதன்பின் அந்நாட்டின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் மகாவலிச் சூழல் திட்டத்துக்கு மானியம் வழங்கியது. மாதுறு ஓயா, வஸ்கமுவ, சோமாவதி, வெள்ளச் சமவெளி ஆகிய பூங்காக்கள் 1983 முதல் 1986 வரையான காலத்தில் உருவாயின. இவற்றுள் மாதுறு ஓயா தேசியப் பூங்கா 1983 நவம்பர் 9ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்டது. 58,850 ஹெக்டயர் பரப்புடைய அது ஐந்து நீர்த்தேக்கங்களின் நீரேந்து நிலத்தையும் காப்பது. ஓர் அரசு மற்றோர் அரசுக்கு அளித்த கொடை இத்தீவின் உயிரினங்களுக்குப் புகலிடமாயிற்று என்பது மறுக்கவியலாத நன்மையாகும்.

ஆயினும் அக்கொடையின் சுமையைத் தாங்கியோர் யாவர் என்பதனையும் வரலாறு கேட்டல் வேண்டும். பூங்காவுக்குள் அடங்கிய காட்டிலே வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் குடும்பங்கள் ஹெனானிகலைக்கு இடம்பெயர்க்கப்பட்டன. தம்பானைத் தலைவர் திசாகாமி வெளியேற மறுத்து, 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். காட்டினை அழித்தவர் வேடரல்லர். அழிவுக்கு ஈடாகக் காக்கப்பட்ட காட்டினின்று வெளியேற்றப்பட்டோர் அவர்களேயாவர்.

இனி ஆற்றின் முடிவிடத்தை நோக்குவோம். மேலே காட்டுக்குக் கொடை வழங்கிய காலத்திலேயே, கீழே வாவிக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. 1956இல் உற்பத்தி தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை இலுக்குப் புல்லையும் வைக்கோலையும் மூலப்பொருளாகக் கொண்ட அரச தொழில் முயற்சியாகும். அறுவடைக்குப் பின் எரிக்கப்பட்ட வைக்கோலுக்கு அது விலை கொடுத்தது, பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தது, நாட்டின் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாள் தந்தது. அதன் சிறப்பினை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. அதேவேளை, நாரினைக் கூழாக்கும்போது வெளியேறும் கருநிறக் கழிவுநீர் வாவியைச் சென்றடைந்தது. கழிவுநீரை வெளியேற்றுவதற்கு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்னும் ஏற்பாடு 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்திற்கு 1988இற் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலமே வந்தது. அதற்குள் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. தென்மேற்கிலும் இதற்கு இணையானதொரு நிலை காணப்பட்டது. ஒட்டுப்பலகைக்காக 1970களின் தொடக்கத்திலிருந்து சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டுவித்த அரசே 1977இல் அதனை நிறுத்தியது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. சிங்கராஜவுக்காகக் குரல் கொடுக்கப் பலர் இருந்தனர். வாழைச்சேனை வாவிக்காகப் பேசியோர் பெரும்பாலும் வலைஞரே.

வாவி எந்தச் சட்டத்தின் எல்லைக்குட் பட்டது என்பதும் ஆராயத்தக்கது. பூங்காவின் எல்லை மேலே காட்டோடு நின்றது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் வகுத்த கரையோர வலயமோ நிலப்பக்கமாக 300 மீற்றர் அளவினது. கடலோடு தொடர்புள்ள களப்புகளில் அது முகத்துவாரத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையே சென்றது. நீர் ஒன்றே, அதன் காப்பு மட்டும் துண்டுகளாயிற்று. அடுத்து வந்த போர்க்காலத்தில் அத்துண்டுகளையும் பேணுதல் அரிதாயிற்று.

2004 டிசெம்பர் 26ஆம் நாளைய ஆழிப்பேரலையின் பின் கொடையாளரின் கவனம் கண்டற்காடுகளின்மீது திரும்பியது. தீவெங்கும் கண்டற் கன்றுகள் நடப்பட்டன. எனினும் 2017இல் வெளியான ஆய்வொன்று அம்முயற்சிகள் நிகழ்ந்த 23 இடங்களை நோக்கி, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை எனக் காட்டியது. உவர்நீரின் ஏற்றவிறக்கம் அறியாது, பொருந்தாத நிலத்திலே பொருந்தாத இனம் நடப்பட்டதும், பின்னர் பராமரிப்பார் இல்லாதொழிந்ததும் காரணங்களாகும். நட்ட கன்றின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்கப்பட்டது; வாழ்ந்த மரத்தின் எண்ணிக்கைக்குக் கொடுக்கப்படவில்லை. இதனினின்றும் வேறுபட்ட முயற்சி 2015இல் தொடங்கியது. கண்டற்காடுகள் அனைத்துக்கும் அரசு சட்டக் காப்பளிக்க, சீகோலொஜி, சுதீச ஆகிய நிறுவனங்கள் அக்காடுகளை வெட்டாது காக்கும் கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற் பயிற்சியும் வழங்க முன்வந்தன. காப்பவளின் அடுப்பெரிதலும் காப்புச் செலவின் ஒரு பகுதி என ஏற்றுக்கொண்டமையே இதன் சிறப்பாகும்.

யானையின் நிலையோ இன்னும் கடுமையானது. 2011இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு 5,879 யானைகளைக் காட்டியது. 2019இல் மட்டும் 400இற்கு மேற்பட்ட யானைகளும் 120இற்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் உயிரிழந்தனர். படுவான்கரையிலும் வாகரையிலும் வேளாண்மை செய்வோருக்கு இவை வெறும் எண்களல்ல. மின்வேலிகளுக்கெனப் பெரும்பணம் செலவாகியும் அவற்றுட் பல திணைக்கள எல்லைகளின் வழியே அமைந்தன. வேலிக்கு இருபுறமும் யானை நின்றது. கிராமத்தையும் வயலையும் சுற்றியே வேலி அமைதல் வேண்டும், அதனை அவ்வூரவரே பேணுதல் வேண்டும் என 2020இல் ஆக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டம் பரிந்துரைத்தது.

சிறு தீவொன்றில் அரசுப் பணம் எதனைச் சாதிக்கவல்லது என்பதற்கு நியூசிலாந்து சான்றாகும். அந்நாட்டின் சதம் தீவுகளுக்குரிய கருஞ்சிட்டினத்தில் 1980இல் ஐந்து பறவைகளே எஞ்சின. அவற்றுள் இனம்பெருக்கவல்ல பெட்டை ஒன்றே. அரச வனவிலங்குச் சேவை பல்லாண்டுகள் இடையறாது உழைத்தமையால் இன்று அவை 200இற்கு மேற்பட்டுள்ளன. அங்கு பணத்தின் அளவினும் அதன் தொடர்ச்சியே பெரிதும் உதவியது.

தொகுத்து நோக்குமிடத்து, கிழக்கிலங்கையின் உயிரினங்கள் தம்பொருட்டாகக் கொடை பெற்றது அரிது என்பது பெறப்படும். முதலிற் கொலைக்குக் கூலியும், பின்னர் வேட்டைக்குக் காப்பும், அதன்பின் அணைக்குத் துணையாகக் காடும் என்றவாறே அரசின் பணம் வந்தது. அதனால் அணைக்கு மேலேயுள்ளவை ஓரளவு காக்கப்பட்டன; அணைக்குக் கீழேயுள்ள வயலும் வாவியும் கணக்கில் இடம்பெறவில்லை. இனி வழங்கப்படும் கொடை எதுவாயினும் அது மாதுறு ஓயாவின் வழியே குன்றிலிருந்து கடல்வரை ஒருங்கே செல்லுதல் வேண்டும். கமக்காரனும் வலைஞனும் வேடனும் அதன் பங்காளராதல் வேண்டும். அன்றேல் பூங்கா வரைபடத்தில் இருக்கும். அதற்குரிய உயிரினம் புணானைச் சிறுத்தையைப் போல நூதனசாலையில் இருக்கும்.