செங்கலுக்கு ஒரு வெள்ளி

1963ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள். சிங்கப்பூர் மலேசியாவில் இணைவதற்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் புதிய தேசிய அரங்கம் ஒளி பெற்றது. தென்கிழக்காசியக் கலைவிழா அங்கே தொடங்கிற்று. அண்டை நாட்டுக் கலைஞர்தம் ஆடலும் பாடலும் அவ்வரங்கிற்கு மங்கலத் தொடக்கமாயின.

அரங்கை எழுப்பியது அரசு மட்டுமன்று. 1959இல் பெற்ற தன்னாட்சியின் நினைவாக அதனை அமைக்கத் திட்டமிட்டபோது, ‘செங்கலுக்கு ஒரு வெள்ளி’ என்னும் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. பொதுமக்களும் பொருளுதவினர். 3,420 இருக்கைகள்; பக்கச் சுவரோ பின்சுவரோ இல்லை. முகப்பின் ஐந்து கூர்முனைகள் கொடியின் ஐந்து விண்மீன்களைக் குறித்தன.

காலம் மாறிற்று. கூரையின் உறுதி குறைந்தது. அருகே விரைவுச்சாலைச் சுரங்கமும் அமையவிருந்தது. 1984இல் மூடப்பெற்ற அரங்கம் 1986இல் இடிக்கப்பெற்றது.

எனினும், கொடுத்த வெள்ளி வீணாயிற்று என்று கூறலாமோ? மக்கள் பெற்றது கல் மட்டுமன்று. பல இனத்தவரும் ஒருங்கமர்ந்து கலை நுகர்ந்த மாலைப்பொழுதுகளையும் பெற்றனர். கட்டடம் இல்லாத இடத்தில் அவ்வரலாற்றை மாணவர் நெஞ்சில் கட்டுவது ஆசிரியர் கடனாகும்.