விபத்து என்னும் சொல்

தோழர்களே, கழிவுநீர்த் தொட்டியில் நச்சுவாயு தாக்கி ஒருவர் இறந்தால் மறுநாள் செய்தியில் அது 'விபத்து'. எந்தச் சாதியினர் மட்டுமே உள்ளே இறக்கப்படுகிறார்கள் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

1923-இலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. வேலையினால் நேரும் விபத்துச் சாவுக்கு முதலாளியே பொறுப்பு என்றது. ஆனால், வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத நம்மவர் யாருடைய தொழிலாளி? நகராட்சி ஒப்பந்ததாரரைக் கைகாட்டும், அவர் கைவிரிப்பார். 1993-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களைக் கண்டறிந்து குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது உச்ச நீதிமன்றம்.

இது கருணைத் தொகை அல்ல, உரிமை. ஆனால், பணத்தோடு வழக்கை முடிக்கும் சமரசத்துக்கு நாம் உடன்படக் கூடாது. பாதுகாப்பின்றி ஆளை உள்ளே இறக்குவோருக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைத்தண்டனை விதிக்கிறது. இழப்பீடு குடும்பத்துக்கு, தண்டனை இறக்கியவருக்கு. இரண்டையும் கேட்போம். முதல் தகவல் அறிக்கையில் 'விபத்து' என்று மட்டும் எழுதினால், காவல் நிலையத்திலேயே மறுப்போம்.