குடிமதிப்பும் குலவரலாறும்

சைவ நன்மக்கள் போற்றும் திருத்தொண்டர் வரலாறு மூன்று படிகளில் வளர்ந்ததாகும். சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய திருத்தொண்டத் தொகை அடியார்தம் திருப்பெயர்களைத் தொகுத்துரைத்தது. நம்பியாண்டார் நம்பிகளின் திருத்தொண்டர் திருவந்தாதி அதனை வகைப்படுத்தியது. சேக்கிழார் பெருமான் அவ்வடியார்தம் ஊரையும் குலத்தையும் தொண்டையும் தெளிந்து பெரிய புராணமாக விரித்தருளினார். தொகை, வகை, விரி என்னும் இம்முறையே ஒரு குடியின் வரலாற்றை ஆராய்வார்க்கும் வழிகாட்டுவதாகும். முன்னோர் பெயர் கிடைத்தாலன்றி வகையும் இல்லை, விரியும் இல்லை.

வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையம், மேற்கே ஞானசம்பந்தப் பெருமான் பாடிய இரும்பை மாகாளமும், கிழக்கே பொம்மபுர ஆதீனத் திருமடம் விளங்கும் பொம்மையார்பாளையமும், தெற்கே புதுச்சேரியும் சூழ அமைந்த ஊர். இத்தகைய ஊர்களில் குடமுழுக்கு நிகழுங்கால், பிழைப்பு நாடிப் பிறவிடம் சென்றார் வழிவந்தோரும் வந்து கூடுவர். ‘எம் பாட்டனாரின் தந்தையார் பெயர் யாது? அவர் எத்தெருவில் வாழ்ந்தார்?’ என அவர்கள் வினவுவது இயல்பு. விடை காண விழைவோர் பலரும் முதலில் நாடுவது அரசினரின் குடிமதிப்புக் கணக்கையே.

சென்னை மாகாணத்தில் 1871 நவம்பர் 15-ஆம் நாள் குடிமதிப்பு எடுக்கப்பட்டது. அதன் அறிக்கையை வரைந்தவர் கார்னிஷ் என்பார். பின்னர் 1881 பிப்ரவரி 17-ஆம் நாள் இந்தியா முழுமைக்கும் ஒரே காலத்தில் கணக்கெடுத்தனர். கணக்கர் வீடுதோறும் சென்று எழுதிய தாள்களில் மாந்தர் பெயர்கள் இருந்தன. ஆயினும் எண்ணிக் கூட்டி முடிந்தபின் அத்தாள்கள் பேணிவைக்கப்படவில்லை. 1948-ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டமும் தனி மனிதர் குறிப்புகளைப் பிறர் பார்வையிட இசைவதில்லை. ஆகலின் அச்சேறிய குடிமதிப்பு நூல்களில் எஞ்சி நிற்பது எண்ணே, பெயர் அன்று. திருத்தொண்டத் தொகையில் தனியடியாரும் உளர், தொகையடியாரும் உளர். குடிமதிப்பு நூலிலோ அனைவரும் தொகையினரே.

எனினும் அவ்வெண்களைப் பயனற்றவை என்று தள்ளுதல் கூடாது. தென்னார்க்காடு மாவட்டத்தின் மக்கள் 1871-இல் 17 இலட்சத்து 55 ஆயிரத்துக்கு மேற்பட்டோர்; 1881-இல் 18 இலட்சத்து 14 ஆயிரத்துக்கு மேற்பட்டோர்; 1891-இல் 21 இலட்சத்து 62 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். முதற்பத்தாண்டில் கூடியது 60 ஆயிரத்துக்கும் குறைவு. அடுத்த பத்தாண்டில் கூடியது ஏறத்தாழ மூன்றரை இலட்சம். இவ்வேறுபாட்டின் நடுவே நிற்பது 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம். அக்காலத்தில் தம் குடியினர் ஊர்விட்டு நீங்கினர் என வீட்டுப் பெரியோர் சொல்லும் செய்தி வெறுங்கதையன்று என்பதற்கு இவ்வெண்கள் துணைநிற்கும். 1961-ஆம் ஆண்டுக் குடிமதிப்பை ஒட்டி வெளிவந்த மாவட்டக் கையேட்டில் ஊர்வாரிக் கணக்கும் உண்டு. அவ்வாண்டுக் குடிமதிப்புத் துறையினர் பி. கே. நம்பியார் தலைமையில் சென்னை மாநிலத் திருக்கோயில்களைப் பற்றியும் தொகுதிகள் பல வெளியிட்டமை சைவ உலகம் நன்றியோடு நினைவுகூரத் தக்கது.

இனி, பெயர்களை எங்கே தேடுவது? நிலவரிக் கணக்குகளில் பட்டாதாரர் பெயர் உண்டு. சென்னை மாகாணத்தில் 1899-இல் இயற்றப்பெற்ற சட்டத்தின் வழி எழுதப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவேடுகள் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிப் பகுதியில் பெண் கொண்டவர்க்கும் கொடுத்தவர்க்கும், அவ்வாட்சியினர் எழுதிய திருமணப் பதிவேடுகள் மணமக்களின் பெற்றோர் பெயரையும் தெரிவிக்கும். கடல்கடந்து கூலித்தொழிலுக்குச் சென்றாரைப் பற்றிய கப்பற் பதிவுகளோ இன்னும் விரிவானவை. 1860 நவம்பர் 16-ஆம் நாள் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அது முதலாக நேட்டாலுக்குச் சென்றோர் பதிவேடுகளில் ஒருவர் பெயர், தந்தையார் பெயர், அகவை, மாவட்டம், ஊர் முதலியன குறிக்கப்பட்டன. அவற்றைக் கொண்டே அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று தம் மூதூரைத் தேடி வருகின்றனர்.

பெயரைப் போற்றும் இவ்வொழுங்கு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் தன் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-ஆம் ஆண்டளவில், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பணியமர்த்திய செய்தியைக் கல்லில் வெட்டுவித்தான். ஒவ்வொருவரின் பெயரும், முன்பிருந்த ஊரும் கோயிலும், இப்போது தரப்பட்ட வீடு எச்சேரியில் எச்சிறகில் எத்தனையாவது என்பதும் ஆங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர் மறைந்தால் அவர் பங்கு அடுத்த உறவினர்க்குச் சேரும் முறையும் அதில் உண்டு. பேரரசன் பெயரோடு பணிமகளிர் பெயரும் ஆயிரம் ஆண்டு கடந்து நிலைத்திருப்பது கோயிற் கல்லின் பெருமையன்றோ!

ஆதலின் திருப்பணி செய்வோர்க்கும் பொருளுதவும் அன்பர்க்கும் கடமைகள் சில உள. பழைய கல்லில் எழுத்துக் காணின் அதன்மேல் காரையும் வண்ணமும் பூசாது காத்தல் வேண்டும். இடம் பெயர்க்க நேரிடின் முன்னரே படியெடுத்தல் வேண்டும். பழைய வரவுசெலவு ஏடுகளையும் வரிப் புத்தகங்களையும் குப்பை எனக் கழித்தலாகாது. நன்கொடையாளர் பட்டியலில் தலைப்பெழுத்தோடு அமையாது, தந்தையார் பெயரும் தாயார் பெயரும் பூர்வீக ஊரும் விளங்க எழுதுதல் வேண்டும். நூறு ரூபாய் தந்தவர்க்கும் ஒருநாள் மண் சுமந்தவர்க்கும் அம்முறை ஒன்றாகவே அமைதல் நன்று.

அரசின் கணக்கு எத்தனை பேர் என்று சொல்லும். இன்னார் என்று சொல்லுதல் கோயிலின் கணக்கால் இயலும். இன்று செவ்வையாக எழுதப்படும் தொகையே, நாளை வருவோர் வகையும் விரியும் காண்பதற்கு வித்தாகும். திருப்பணியில் தொண்டு புரிந்தோர் அனைவரும் தம் வழிவழிக் கிளையோடு இறைவன் திருவருளால் இனிது வாழ்க.

திருச்சிற்றம்பலம்.