சீமைப் புட்டியும் நாட்டுச் சாராயமும்: வரலாறு தரும் படிப்பினை

அயல்நாட்டிலிருந்து விடுப்பில் வரும் நம் பிள்ளைகள் சிலரின் பெட்டியில், அத்தருக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவே, விமான நிலையத்தில் வாங்கிய ஸ்காட்ச் விஸ்கிப் புட்டி ஒன்றும் இருக்கக் காண்கிறோம். கேட்டால், "நாங்கள் குடிப்பதில்லை, நண்பர் கேட்டார், அவருக்குக் கொடுக்கத்தான்" என்கின்றனர். சாராயம் வாங்கி வரச் சொன்னால் கூசுகின்ற கை, சீமைப் புட்டியை மட்டும் கூசாமல் சுமப்பது ஏன்? இதற்கு விடை நம் நாட்டு வரலாற்றில் இருக்கிறது.

ஸ்காட்லாந்து அரசின் 1494ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், 'உயிர் நீர்' வடிப்பதற்காகத் துறவி ஒருவருக்குத் தானியம் வழங்கிய குறிப்பு உள்ளது. விஸ்கி என்னும் சொல்லுக்கு அந்நாட்டு கேலிக் மொழியில் பொருளும் அதுவே. ஆங்கிலேயர் ஆட்சியோடு அது இந்தியாவுக்கு வந்தது. வெள்ளை அதிகாரிகளின் மன்றங்களில் பெருமையின் அடையாளமாயிற்று. உழைப்பாளி குடித்த கள்ளும் சாராயமுமோ 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின் கீழ் அரசுக்கு வருவாய் தந்தன. சென்னை மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இவ்வழியே வந்தது. ஏழை குடித்தால் இழிவு, செல்வர் குடித்தால் நாகரிகம் என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

இந்த வருவாயைத் துறக்க முதலில் துணிந்தவர் ராஜாஜி. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. உலகப் போர்க் காலத்தில் நின்றுபோன மதுவிலக்கை, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கினார்.

அதனைக் கட்டிக்காக்கும் பொறுப்பு ஆறே மாதத்தில் இராஜபாளையத்துக்காரர் ஒருவரின் கைக்கு வந்தது. 1949 ஏப்ரலில் பூ. ச. குமாரசாமி ராஜா ஆட்சிப் பொறுப்பேற்றார். செல்வக் குடியில் பிறந்தும் எளிமையாய் வாழ்ந்த காந்தியவாதி அவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்கு அளித்தவர். அவர் காலத்தில்தான், 1950 ஜனவரி 26 அன்று, இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 47ஆம் பிரிவு, மதுவிலக்குக்கு முயல்வதை அரசின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது.

ஆயினும் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. அதுவே 'பெர்மிட்' என்னும் அனுமதிச் சீட்டு. வசதி படைத்தோர் உடல்நலக் காரணம் காட்டிச் சீட்டுப் பெற்றுச் சீமை மதுவை வீட்டில் அருந்த முடிந்தது. காட்டில் சாராயம் காய்ச்சியவரும் அதைக் குடித்தவரும் சிறை சென்றனர். ஒரே குற்றத்துக்கு இரு நீதி என்றானபின், சட்டத்தின் மீது மக்களுக்கு மதிப்பு எப்படி நிலைக்கும்?

1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்த ராஜாஜி, முதலமைச்சரின் வீட்டுக்கே சென்று வேண்டியும் பயனில்லை. 1974இல் மீண்டும் தடை. 1981இல் மீண்டும் அனுமதி. 1983இல் டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. வருவாயைத் துறந்த அரசே பின்னாளில் விற்பனையாளராகவும் ஆனது.

இனி நம் மார்க்கத்தின் வழியைப் பாருங்கள். திருக்குர்ஆன் மதுவைப் படிப்படியாக விலக்கியது. முதலில் அதன் தீமை நன்மையினும் பெரிது என்றது (2:219). பின்னர் போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்றது (4:43). இறுதியில் முற்றிலும் தவிர்க்கக் கட்டளையிட்டது (5:90). அக்கட்டளை வந்த அன்றே மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டதை ஹதீஸ்களில் காண்கிறோம். அங்கே எவருக்கும் அனுமதிச் சீட்டு இல்லை. அறிவை மறைப்பதெல்லாம் மதுவே என்றார்கள் உமர் (ரலி) அவர்கள். குடிப்பவரோடு, அதைச் சுமப்பவர், விற்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் ஆகியோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதீ பதிவு செய்துள்ளது. "கொடுக்கத்தானே" என்னும் சமாதானத்துக்கு இங்கே இடமே இல்லை.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரித்தானிய வணிக உடன்படிக்கை, ஸ்காட்ச் மீதான 150 சதவீத இறக்குமதி வரியை முதலில் 75ஆகவும், பத்தாண்டுகளில் 40ஆகவும் குறைக்க வகை செய்கிறது. விலை குறையும்; விருந்துகளில் அதன் வரவு கூடும். சட்டம் தடுக்கும் என்று நாம் காத்திருக்க இயலாது.

எனவே பெற்றோர்களே, பயணம் புறப்படும் பிள்ளைகளிடம் இதைக் கனிவோடு சொல்லி அனுப்புவோம். நண்பருக்கு அன்பளிப்புத் தர ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இருக்கிறது. அரபு நாட்டுப் பேரீச்சை இருக்கிறது. தந்தவரும் பெற்றவரும் மறுமையில் வெட்கப்படத் தேவையில்லாத அன்பளிப்பே நம் வீட்டிலிருந்து செல்லட்டும். அதற்கு அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.