கட்கி தந்த ஆட்டக்காரர்

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வரலாற்றில் தன்ராஜ் பிள்ளைக்குத் தனி இடம் உண்டு. புனாவை அடுத்த கட்கியில், 1968-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் படைக்கலத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்து வந்தவர். ஒடிந்த மட்டைகளையும் பிறர் கழித்த பந்துகளையும் கொண்டே பிள்ளைகள் ஹாக்கி பழகினர். ('வளைகோற் பந்தாட்டம்' என்று எழுதவே மொழிபெயர்ப்பாளனாகிய என் கை விரைகிறது, ஆடுவோர் ஹாக்கி என்றே வழங்குகின்றனர்!)

இந்தியாவுக்காக அவர் முதன்முதல் களமிறங்கியது நாம் வாழும் இத்தில்லியில்தான், 1989-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டியில். பின்னர் நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை. இடையிடையே இலண்டன், ஜெர்மனி, பிரான்சு, மலேசியா ஆகிய இடங்களின் கழகங்களுக்கும் ஆடினார்.

1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா, 32 ஆண்டுகளுக்குப் பின், ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. ஆனால் அந்த வெற்றிக்குப் பின் நிகழ்ந்தது யாது? அவரும் மூத்த ஆட்டக்காரர் அறுவரும் அணியில் சேர்க்கப்படவில்லை. ஓய்வு அளித்தோம் என்றனர் நிர்வாகிகள். வசதிக் குறைவையும் ஆட்ட ஊதியத்தையும் பற்றி வாய்திறந்தமைக்குத் தண்டனை இது என்றே பலரும் கருதினர். எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

எனினும் அவர் மீண்டும் வந்தார். 2000-இல் சிட்னியில், போலந்து கடைசி நிமிடங்களில் அடித்த கோல் ஒன்றினால் அரையிறுதி கைநழுவியது. 2003-இல் கோலாலம்பூரில் இந்தியா முதன்முறையாக ஆசியக் கோப்பையை வென்றபோது தலைவர் அவரே. மறு ஆண்டு ஏதென்ஸில் இந்தியாவுக்கு ஏழாம் இடம். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் இறுதிவரை அவர் கைக்கு எட்டவில்லை.