டிரெசில் பாலம்: மாதிரி அமைத்தல்

நெருங்கி நிற்கும் பல மரச்சட்டங்களின் மேல் தண்டவாளத்தைத் தாங்கும் ரயில் பாலம் டிரெசில் பாலம் எனப்படும். அதை அளவு பிசகாமல் சிறிய உருவில் கட்டுவது மாதிரி ரயில் கலையில் பெரும் பொறுமை கேட்கும் வேலைகளுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் இருப்புப்பாதை போட்டவர்களுக்கு எஃகைக் கொண்டுசேர்ப்பது பெருஞ்செலவு. மரமோ பாதையோரத்திலேயே ஓங்கி நின்றது. டக்ளஸ் ஃபர், ரெட்வுட் மரங்களைச் சதுரித்து, போல்ட்டு முடுக்கி, பள்ளத்தாக்குகளைத் தாண்டினார்கள். கலிஃபோர்னியாவில் 1933இல் முடிந்த கோட் கேன்யன் பாலம் 186 அடி உயரம்.

மாதிரிக்கு எடுத்துக்கொள்ள நல்ல பாலம், கனடாவின் வான்கூவர் தீவில் கோக்சிலா ஆற்றின் மேல் நிற்கும் கின்சால். 1920இல் கட்டி முடித்தது. நீளம் 187 மீட்டர், உயரம் 44 மீட்டர், வளைந்த பாதை. கடைசி ரயில் 1979இல் சென்றது. 2011 முதல் நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் திறந்திருக்கிறது. பரவலாகப் புழங்கும் எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்காக, இதைக் கட்டினால் 2.15 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் வரும். 160இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவில் 1.17 மீட்டர் நீளம் போதும். ஆனால் அதில் ஓர் அடிச் சதுர மரம் 2 மில்லிமீட்டருக்கும் மெலிந்த குச்சியாகிவிடும். எச்.ஓ.வில் அதுவே மூன்றரை மில்லிமீட்டர். விரலுக்குப் பிடிபடும் அளவு.

பாலத்தின் உயிர் தாங்குசட்டம். நான்கைந்து தூண்கள், அவற்றின் தலையில் மேல்விட்டம், காலில் அடிவிட்டம், இரு முகத்திலும் மூலைக்கு மூலை ஓடும் சாய்சட்டங்கள். நடுத்தூண்கள் செங்குத்தாக நிற்க, ஓரத்தூண்கள் கால் அகட்டிச் சாய்ந்திருக்கும். பாலம் உயர உயர இச்சட்டங்கள் அடுக்கடுக்காக ஏறும். அடுக்குதோறும் நெடுக்குச் சட்டங்கள் ஒன்றை மற்றொன்றோடு பிணைக்கும். தாங்குசட்டங்களுக்கிடையே பெரும்பாலும் 14 முதல் 16 அடி இடைவெளி விடுவார்கள். எச்.ஓ.வில் இது ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

உண்மைப் பாலத்தில் தரைதான் முதலில். பாறை எங்கே கிடைக்கிறதோ அங்கே கால் ஊன்றி மேலே வருவார்கள். மாதிரியில் இது தலைகீழ்: தண்டவாளத்தின் மட்டமும் வளைவும் முன்பே முடிவாகிவிட்டன, பள்ளத்தாக்குக்குத்தான் இன்னும் உருவம் வரவில்லை. ஆகவே தளத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தாங்குசட்டங்களை அதன் மேல் ஒட்டி, பிறகு நிமிர்த்தி இடத்தில் வைத்து, மலைச்சரிவை அவற்றின் அடிவரை எழுப்புவது வசதி. பள்ளத்தாக்கை முதலில் செதுக்கிவிட்டால், ஒவ்வொரு காலையும் மேடுபள்ளத்துக்கேற்ப அறுத்துத் தேய்த்தே மாதங்கள் போகும்.

மரம் பாஸ்வுட் பட்டிகளாக இருப்பது நல்லது. அதன் இழை நெருக்கமானது, அறுத்த முனை பிசிறடிக்காது. பால்சா மலிவுதான், ஆனால் நசுங்கும், இழையும் சிறு அளவுக்குப் பொருந்தாமல் முரடாகத் தெரியும். தாங்குசட்டத்தின் வரைபடத்தை ஒரு பலகையில் ஒட்டி, தூண்கள் நகராதபடி ஓரங்களில் சிறு கட்டைகளைப் பதித்தால் அச்சு தயார். எல்லாச் சட்டங்களும் அதிலிருந்தே பிறக்க வேண்டும். ஒன்றில் அரை மில்லிமீட்டர் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. வரிசையாக நிறுத்தும்போது அது மட்டுமே தெரியும். ஒட்டுவதற்கு நம்மூர் ஃபெவிகால் போன்ற வெள்ளை மரப்பசை போதும். சாயமேற்றுவதை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், பசை பட்ட இடம் சாயத்தைக் குடிக்காது. ஆல்கஹாலில் கரைத்த கறுப்பு மை, வெயிலில் வெளுத்த பழமரத்தின் சாம்பல் நிறத்தைத் தரும். கிரியோசோட் எண்ணெய் ஊட்டிய புதுமரத்துக்குக் கரும்பழுப்பு.

வளைவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தாங்குசட்டங்கள் வளைவின் மையத்தை நோக்கி நிற்பதால் வெளிப்பக்கத்தில் இடைவெளி சற்று அகலும். அவற்றை இணைக்கும் உத்திரங்களோ வளைவதில்லை. ஒவ்வோர் இடைவெளியிலும் நேர்க்கட்டைகளாகவே கிடக்கும், தண்டவாளம் மட்டும் அவற்றின் மேல் வளைந்து செல்லும். உத்திரத்தை நனைத்து அழகாக வளைத்து ஒட்டிய மாதிரி, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பொய். தளத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாலத்து ஸ்லீப்பர் கட்டைகள் தரைப்பாதையில் இருப்பவற்றைவிட நெருக்கமாகவும் கனமாகவும் இருக்கும். கடையில் வாங்கிய சாதாரணத் தண்டவாளத்தை அப்படியே ஏற்றினால் காட்டிக்கொடுத்துவிடும்.

வலிமையைப் பற்றிக் கவலை வேண்டாம். உருவம் 87 பங்கு சுருங்கும்போது மரத்தின் குறுக்குப்பரப்பு 87இன் இருமடி அளவில் குறைகிறது. எடையோ மும்மடி அளவில் குறைகிறது. அதனால் பொம்மை எஞ்சின் இப்பாலத்துக்கு ஒரு சுமையே அல்ல. சாய்சட்டங்கள் இல்லாமலும் நிற்கும். என்றாலும் அவற்றை விட்டுவிட்டால் பாலம் பாலமாகத் தோன்றாது.

உண்மைப் பாலங்களின் பெரும் பகை நெருப்பு. எஞ்சின் கக்கும் தணலுக்கு அஞ்சித் தளத்தின் ஓரத்தில் இடைவெளி விட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்கள் வைத்திருந்தார்கள். மாதிரியிலும் இவை இடம்பெறுவது முறை. ரயில் நின்றுபோன பிறகும் ஆபத்து ஓயவில்லை: பிரிட்டிஷ் கொலம்பியாவின் மைரா கேன்யனில் 2003 காட்டுத்தீ 12 மரப்பாலங்களை எரித்தது. அவற்றை மீண்டும் கட்டி 2008இல் திறந்தார்கள். வேறு பல பாலங்களை ரயில் நிறுவனங்களே மறைத்துவிட்டன. மேலே ரயிலை நிறுத்தி, மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கரையாக்கினார்கள்; மரங்கள் உள்ளே புதைந்தன. பாதி நிரப்பிய இந்நிலையையும் மாதிரியில் காட்டலாம். புதைந்த தூண்களுக்குத் தலைப்பகுதி மட்டும் செய்தால் போதுமென்பதால், இடமும் மரமும் குறைவாக உள்ளவர்களுக்கு இது கைகொடுக்கும்.